பாடகர் இல்லாத பாட்டுக் கச்சேரி!

பாட்டு முடிந்தது.

கூடியிருந்த 3 ஆயிரம் பேரும் கை தட்டினார்கள். பலர் எழுந்து நின்று ஆடினார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

மேடையில் 4 பேர் நின்றார்கள். 2 பெண்கள், 2 ஆண்கள். எல்லோருக்கும் இளம் வயது. பளபளக்கும் உடை. அவர்கள் ரசிகர்களைப் பார்த்துச் சிரித்தார்கள். கை அசைத்தார்கள்.

ஆனால், உண்மையில் அந்த 4 பேரும் அங்கே இல்லை!

மேடையில் தெரிந்தது அவர்களுடைய உருவம் மட்டுமே. அந்த உருவத்தைப் படைத்தது கம்ப்யூட்டர்.

இது மாயாஜாலக் கதை அல்ல. லண்டன் மாநகரில் நடக்கும் உண்மை நிகழ்ச்சி.

"லண்டனில் நடப்பது லண்டனோடு போகட்டும். பெரம்பலூரில் இருக்கும் எனக்கு அதனால் என்ன? அரியலூரில் இருக்கும் எனக்கு என்ன?" என்று நீங்கள் கேட்கலாம்.

காரணம் இருக்கிறது. அந்த விந்தை இப்போது தமிழ்ப் பாட்டுக்குள் வந்துவிட்டது. நம் ஊர்த் திருவிழா மேடைக்கு வர அதிக நாள் ஆகாது. உங்கள் கையில் இருக்கும் செல்போனுக்குள் வேறு உருவத்தில் ஏற்கனவே நுழைந்துவிட்டது. ஆகவே, வீட்டில் எல்லோரும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

யார் அந்த 4 பேர்?

ஐரோப்பாவில் சுவீடன் என்று ஒரு நாடு. அங்கே "அப்பா" என்று ஓர் இசைக் குழு இருந்தது. (நம் அப்பா அல்ல! 4 பேருடைய பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர் அது.) அக்னிதா, பியோன், பென்னி, அன்னிஃபிரிட் என்பவர்களே அந்த 4 பேர்.

1974-ம் ஆண்டு ஐரோப்பிய நாடுகளுக்கு இடையே நடந்த யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் இவர்கள் முதல் பரிசு பெற்றார்கள். உலகம் முழுவதும் புகழ் பரவியது. 1982-ம் ஆண்டுக்குப் பிறகு அவர்கள் ஒரு குழுவாகப் பாடுவதை நிறுத்திக்கொண்டார்கள்.

ஏறக்குறைய 40 ஆண்டுகள் ஓடிவிட்டன. 4 பேரும் 70 வயதைத் தாண்டினார்கள். பழையபடி மேடையில் ஆடிப் பாட உடம்பு இடம் கொடுக்குமா? ஆனால், ரசிகர்களோ அவர்களை இளமையாகப் பார்க்கவே ஆசைப்பட்டார்கள்.

அதற்கு விஞ்ஞானம் ஒரு வழி காட்டியது.

எப்படிச் செய்தார்கள்?

சுவீடனின் தலைநகர் ஸ்டாக்ஹோம். அங்கே ஒரு பெரிய கூடத்தில் 4 பேரையும் நிறுத்தினார்கள். உடம்பை ஒட்டிய உடை அணிவித்தார்கள். அந்த உடையிலும் முகத்திலும் சின்னச் சின்னப் புள்ளிகள் வைத்தார்கள். சுற்றிலும் 160 காமிராக்கள்!

4 பேரும் பாடினார்கள்; ஆடினார்கள். கை எப்படி உயர்கிறது, உதடு எப்படி அசைகிறது, புருவம் எப்படி நெளிகிறது என்று காமிராக்கள் ஒன்றுவிடாமல் பதிவு செய்தன. இப்படி 5 வாரம் நடந்தது.

பிறகு, அந்த அசைவுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். அசைவுகளின் மேல், 40 ஆண்டுகளுக்கு முந்திய அவர்களுடைய இளமை முகத்தைப் பொருத்தினார்கள். துள்ளி ஆடும் இடங்களுக்கு இளைஞர்களை ஆடவைத்து, அந்த அசைவுகளையும் சேர்த்துக்கொண்டார்கள்.

இப்படிப் பிறந்த உருவத்துக்கு "டிஜிட்டல் அவதாரம்" என்று பெயர். ஆம், அவதாரம் என்ற நம் நாட்டுச் சொல்லைத்தான் உலகமே எடுத்துக்கொண்டது!

இந்தக் கச்சேரிக்காகவே கிழக்கு லண்டனில் 3 ஆயிரம் பேர் கூடக்கூடிய தனி அரங்கம் கட்டினார்கள். 2022-ம் ஆண்டு மே மாதம் 27-ந் தேதி பொதுமக்களுக்காகக் கச்சேரி தொடங்கியது. அதற்கு முந்திய நாள் நடந்த சிறப்புக் காட்சிக்கு நிஜமான 4 பேரும் வந்திருந்தார்கள். இளமையான தங்களையே, வயதான தாங்கள் பார்த்தார்கள்!

இதற்கு ஆன செலவு 14 கோடி பவுன். அன்றைய கணக்கில் நம் பணத்துக்கு ஏறக்குறைய 1,350 கோடி ரூபாய். அப்பாடா! ஆனாலும் கூட்டம் குறையவில்லை. 10 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் டிக்கெட்டு வாங்கிப் பார்த்துவிட்டார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். அந்த மேடையில் 10 பேர் கொண்ட வாத்தியக் குழுவும் இருக்கிறது. அவர்கள் நிஜ மனிதர்கள். உருவங்கள் பாடும்போது அவர்கள் நேரில் வாசிக்கிறார்கள். இந்த விஷயத்தை மறந்துவிடாதீர்கள். பிறகு இதற்கு வருவோம்.

கண்ணாடி செய்த தந்திரம்

"இல்லாதவரை இருப்பதுபோல் காட்டுவது" புதிய ஆசை அல்ல.

நம் ஊர்த் தோல்பாவைக் கூத்தை நினைத்துப் பாருங்கள். வெள்ளைத் துணிக்குப் பின்னால் விளக்கு. விளக்குக்கு முன்னால் தோல் பொம்மை. துணியில் ராமரும் வருவார், ராவணனும் வருவான்.

1862-ம் ஆண்டு லண்டனில் பெப்பர் என்ற விஞ்ஞானி ஒரு தந்திரம் செய்து காட்டினார். மேடையில் பெரிய கண்ணாடியைச் சாய்த்து நிறுத்தினார். மேடைக்குக் கீழே மறைந்திருந்த நடிகர் மேல் வெளிச்சம் பாய்ச்சினார். நடிகரின் உருவம் கண்ணாடியில் பட்டு, மேடையில் பேய் நிற்பதுபோல் தெரிந்தது. ஜனங்கள் அலறினார்கள்!

இரவில் பஸ்ஸில் போகும்போது ஜன்னல் கண்ணாடியில் உங்கள் முகம் தெரிகிறது அல்லவா? வெளியே இருட்டில் நீங்களே மிதப்பதுபோல் இருக்கும். அதே விஷயம்தான்.

1996-ம் ஆண்டு இறந்துபோன டூபாக் என்ற அமெரிக்கப் பாடகர், 2012-ம் ஆண்டு ஒரு மேடையில் "தோன்றியது" இந்தத் தந்திரத்தின் புது வடிவத்தால்தான். 2012-ம் ஆண்டு குஜராத் சட்டசபைத் தேர்தலிலும், 2014-ம் ஆண்டு பாராளுமன்றத் தேர்தலிலும், நரேந்திர மோடி ஒரே நேரத்தில் பல ஊர் மேடைகளில் உருவமாகத் தோன்றிப் பேசினார். அதுவும் இந்த வகைதான்.

ஆகவே, உருவத்தைக் காட்டுவது பழைய வித்தை. புதிய வித்தை எது தெரியுமா?

குரலைப் படைப்பது!

இறந்தவர் பாடினார்

2024-ம் ஆண்டு "லால் சலாம்" என்ற தமிழ்ப் படம் வெளிவந்தது. ஏ.ஆர்.ரகுமான் இசை. அதில் ஒரு பாட்டைக் கேட்டவர்கள் திகைத்துப்போனார்கள்.

அந்தப் பாட்டில் ஒலித்த ஒரு குரல் பம்பா பாக்யாவுடையது. இன்னொரு குரல் சாகுல் அமீதுடையது. பம்பா பாக்யா 2022-ம் ஆண்டு காலமானவர். சாகுல் அமீது அதற்குப் பல ஆண்டுகள் முன்பே கார் விபத்தில் இறந்தவர்.

இறந்தவர்கள் எப்படிப் புதுப் பாட்டைப் பாடினார்கள்?

அவர்கள் உயிரோடு இருந்தபோது பாடிய பாட்டுகளைக் கம்ப்யூட்டருக்குக் கேட்கக் கொடுத்தார்கள். குரலின் கனம், குழைவு, மூச்சு எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டது. இப்படிக் கற்றுக்கொள்ளும் கம்ப்யூட்டர் திறமைக்குத்தான் "செயற்கை நுண்ணறிவு" என்று பெயர். பொதுவாக, வேறு ஒருவர் புதுப் பாட்டைப் பாடுவார். கம்ப்யூட்டர் அதை வாங்கி, இறந்தவரின் குரலாக மாற்றித் தரும்.

இரு குடும்பத்தாரிடமும் அனுமதி பெற்றதாகவும், தகுந்த சன்மானம் கொடுத்ததாகவும் ரகுமான் அப்போதே பகிரங்கமாகத் தெரிவித்தார்.

அதே ஆண்டில் இன்னொரு பாட்டு வந்தது. அதைக் கேட்டுக் கலங்காதவர் குறைவு.

இளையராஜாவின் மகள் பவதாரிணி 2024-ம் ஆண்டு ஜனவரி 25-ந் தேதி காலமானார். "பாரதி" படத்தில் பாடித் தேசிய விருது பெற்றவர் அவர். அவருடைய தம்பி யுவன் சங்கர் ராஜா, விஜய் நடித்த "கோட்" படத்துக்கு இசை அமைத்துக்கொண்டிருந்தார். ஒரு பாட்டுக்கு மெட்டுப் போடும்போது, "இதை அக்கா பாடினால் நன்றாக இருக்கும். உடம்பு குணமானதும் பாட வைப்போம்" என்று எண்ணினார். ஒரு மணி நேரத்தில் அக்கா இறந்த செய்தி வந்தது. இதை யுவனே வெளியிட்டார்.

கடைசியில், கம்ப்யூட்டர் உதவியோடு அக்காவின் குரலைப் படைத்து, அந்தப் பாட்டை விஜய்யின் குரலோடு சேர்த்தார். அதே படத்தில், 2023-ம் ஆண்டு டிசம்பரில் மறைந்த விஜயகாந்தின் உருவமும், குடும்பத்தாரின் சம்மதத்தோடு திரையில் தோன்றியது.

இதற்கெல்லாம் 10 ஆண்டுகள் முன்பே, 2014-ம் ஆண்டு வெளிவந்த "கோச்சடையான்" படத்தில், மறைந்த நாகேஷ் கம்ப்யூட்டர் உருவமாக வந்தார். ரஜினிகாந்தே அந்தப் படத்தில் கம்ப்யூட்டர் உருவம்தான். லண்டன் கச்சேரிக்காகச் செய்த அசைவுப் பதிவு வேலையைச் சென்னைப் படம் 8 ஆண்டுகள் முன்னதாகவே செய்துவிட்டது!

அரசியலும் இதை விடவில்லை. 2024-ம் ஆண்டு ஜனவரியில், மறைந்த முதல்-மந்திரி கருணாநிதியின் உருவம் ஒரு விழாத் திரையில் தோன்றிப் பேசியது. பிப்ரவரியில், மறைந்த முதல்-மந்திரி ஜெயலலிதாவின் குரலில் தொண்டர்களுக்கு ஒரு பேச்சு வெளியிடப்பட்டது.

கங்கைகொண்ட சோழபுரத்தில் ஒரு நாள்

இப்போது நம் ஊருக்கு வருவோம்.

2025-ம் ஆண்டு ஜூலை 27-ந் தேதி. அரியலூர் மாவட்டம் கங்கைகொண்ட சோழபுரம். ராஜேந்திர சோழன் பிறந்த திருவாதிரை நட்சத்திரத்தை ஒட்டி, ஆடித் திருவாதிரை விழா நடந்தது. பிரதம மந்திரி வந்திருந்தார். அங்கே திருவாசக இசை நிகழ்ச்சி நடத்தியவர் யார்?

இளையராஜா!

82 வயதில், நேரில் வந்து, குழுவினரோடு நின்று நடத்தினார். அவர் உருவம் அல்ல, அவதாரம் அல்ல, அவரே!

எண்ணிப் பாருங்கள். மகளின் குரலைக் கம்ப்யூட்டர் படைத்துவிட்டது. தந்தையோ ஆயிரம் ஆண்டுக் கோவில் முன்னால் வேர்க்க வேர்க்க நிற்கிறார். இரண்டும் இசைதான். இரண்டும் மனதைத் தொடுகின்றன. ஆனால் இரண்டும் ஒன்றா?

அங்கேதான் நம் கேள்வி தொடங்குகிறது.

திருவிழா மேடையில் யார்?

பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் கச்சேரி என்றால் என்ன? டிக்கெட்டு வாங்கிப் போவது அல்ல. ஊர்த் திருவிழாதான் கச்சேரி.

மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம் விற்ற பணத்தில் தலைக்கட்டு வரி கொடுப்பார்கள். கோவிலுக்குக் காப்புக் கட்டுவார்கள். தேர் ஓடும். இரவில் மெல்லிசைக் கச்சேரி நடக்கும். பாயும் போர்வையும் எடுத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாக வருவார்கள். சிமெண்டு ஆலையில் வேலை முடிந்து வருகிறவர்கள் ஓரமாக நின்று கேட்பார்கள். பிடித்த பாட்டைச் சீட்டில் எழுதி மேடைக்கு அனுப்புவார்கள்.

மேடையில் ஒருவர் டி.எம்.எஸ். குரலில் பாடுவார். இன்னொருவர் எஸ்.பி.பி. குரலில் பாடுவார். "அப்படியே இருக்கிறதே!" என்று ஜனங்கள் ஆரவாரம் செய்வார்கள்.

"அதுவும் நகல்தானே? கம்ப்யூட்டர் செய்வதும் நகல்தானே?" என்று கேட்கலாம்.

வித்தியாசம் இருக்கிறது. மேடையில் நிற்பவர் டி.எம்.எஸ். இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் ஏமாறவில்லை. அவர் பல ஆண்டுகள் பழகி அந்தக் குரலைப் பிடித்தவர். கச்சேரி முடிந்ததும் அவர் கையில் சம்பளம் விழுகிறது. அந்தப் பணத்தில் அவர் வீட்டு அடுப்பு எரிகிறது.

நாளை என்ன ஆகும்? ஒரு பெரிய திரை, ஒரு கம்ப்யூட்டர், நாலு ஒலிபெருக்கி. அசல் எஸ்.பி.பி.யே வந்து பாடுவதுபோல் இருக்கும். செலவும் குறைவு என்று ஊரார் நினைத்தால்? பாடுகிறவர், தபேலா வாசிக்கிறவர், கீபோர்டு வாசிக்கிறவர் எல்லோரும் எங்கே போவார்கள்?

இது வெறும் பயம் அல்ல. ஒரு முறை நடந்தது!

பல கோவில்களில் மின்சார மேளம் வந்திருக்கிறது, பார்த்திருப்பீர்கள். சுவிட்சைப் போட்டால் முரசு தானே அடிக்கும். மணி தானே ஒலிக்கும். தீபாராதனை நேரத்துக்கு அதுவே போதும் என்று பல இடங்களில் நினைத்துவிட்டார்கள். நாயனமும் தவிலும் வாசித்த குடும்பங்களுக்குக் கோவில் வேலை சுருங்கியது. "என் காலத்தோடு போகட்டும்" என்று பிள்ளைக்குத் தவில் கற்றுக்கொடுக்காத தகப்பன்கள் எத்தனை பேர்!

அதற்காக விஞ்ஞானமே வேண்டாம் என்று சொல்லலாமா? கூடாது. 1931-ம் ஆண்டு முதல் தமிழ்ப் பேசும் படமான "காளிதாஸ்" வந்தது. நாடகக் கொட்டகைகள் நொடித்தன. ஆனால் நாடக நடிகர்கள் பலர் சினிமாவுக்குப் போய்ப் பிழைத்தார்கள். பிறகு பின்னணிப் பாட்டு வந்தது. பாடத் தெரியாதவரும் கதாநாயகர் ஆனார். பாடத் தெரிந்தவருக்குத் தனித் தொழில் பிறந்தது. ஒரு கதவு மூடியபோது இன்னொரு கதவு திறந்தது.

இப்போதைய விந்தையில் உள்ள ஆபத்து வேறு. பழைய விந்தைகள் எல்லாவற்றுக்கும் புதிய ஆள் தேவைப்பட்டார். இந்த விந்தைக்குப் பழைய ஆளே போதும். அவர் உயிரோடு இருக்கக்கூடத் தேவை இல்லை!

பம்பா பாக்யாவின் கனத்த குரல் முதலில் யாருக்கும் தெரியாது. ஒரு நாள் ஒரு வாய்ப்புக் கிடைத்தது, உலகம் கேட்டது. நாளைக்கு ஜெயங்கொண்டத்திலோ வேப்பந்தட்டையிலோ அப்படி ஒரு பையன் இருக்கலாம். பழைய குரல்களே எல்லாப் புதுப் பாட்டையும் பாடிக்கொண்டிருந்தால், அந்தப் பையனை யார் தேடுவார்கள்?

குரல் யாருடைய சொத்து?

இனி, சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

இந்த விஷயத்தை 3 விதமாகப் பிரிக்கலாம்.

முதல் விதம்: உயிரோடு இருப்பவர் தாமே சம்மதித்து, தம் உருவத்தைச் செய்துகொள்வது. லண்டன் கச்சேரி இந்த விதம். இதில் தகராறு இல்லை. அவர் முகம், அவர் இஷ்டம்.

இரண்டாவது விதம்: இறந்தவருக்காகக் குடும்பத்தார் சம்மதிப்பது. லால் சலாம் பாட்டும், கோட் படப் பாட்டும் இந்த விதம். இதில் அன்பு இருக்கிறது. ஆனாலும் ஒரு சங்கடம் இருக்கிறது. உயிரோடு இருக்கும் பாடகர், "இந்தப் பாட்டு எனக்குப் பிடிக்கவில்லை, பாடமாட்டேன்" என்று சொல்லலாம். இறந்தவர் அப்படிச் சொல்ல முடியாது.

மூன்றாவது விதம்: யாரையும் கேட்காமல் எடுத்துக்கொள்வது. இதற்குத்தான் பெயர் திருட்டு.

எஸ்.பி.பாலசுப்பிரமணியம் 2020-ம் ஆண்டு செப்டம்பர் 25-ந் தேதி காலமானார். 2023-ம் ஆண்டு வந்த ஒரு தெலுங்குப் படத்தில், தந்தையின் குரலைத் தங்கள் சம்மதம் இல்லாமல் கம்ப்யூட்டரில் படைத்துப் பயன்படுத்தினார்கள் என்று சொல்லி, அவருடைய மகன் எஸ்.பி.பி.சரண் வக்கீல் நோட்டீசு அனுப்பினார்.

உயிரோடு இருக்கும் புகழ் பெற்றவர்களுக்குக் கோர்ட்டுகள் துணை நிற்கின்றன. தம் பெயரையும் பாணியையும் அனுமதி இல்லாமல் பயன்படுத்திய ஓர் இந்திப் படத்தை எதிர்த்து ரஜினிகாந்த் வழக்குப் போட்டார். 2015-ம் ஆண்டு சென்னை ஐகோர்ட்டு அவருக்குச் சாதகமாக உத்தரவு போட்டது. 2024-ம் ஆண்டு பாடகர் அரிஜித் சிங் வழக்கில், அவர் குரலைக் கம்ப்யூட்டரில் நகல் எடுப்பதற்குப் பம்பாய் ஐகோர்ட்டு தடை போட்டது.

இறந்தவர் விஷயம் வேறு. ஜெயலலிதாவின் வாழ்க்கைப் படத்தை எதிர்த்து அவருடைய அண்ணன் மகள் வழக்குப் போட்டார். 2021-ம் ஆண்டு சென்னை ஐகோர்ட்டு, ஒருவருடைய அந்தரங்க உரிமையும் புகழும் அவரோடு முடிந்துவிடுகின்றன, நிலத்தையும் நகையையும் போல வாரிசுக்கு வருவதில்லை என்று கூறியது. அது படக்கதை பற்றிய வழக்கு. ஆனாலும், இறந்தவரின் குரலுக்கு யார் காவல் என்ற கேள்வியை அது நம் முன் வைக்கிறது.

ஒரு பாடகர் பாடியதற்கு நம் நாட்டுச் சட்டம் அவருக்கு 50 ஆண்டு உரிமை கொடுக்கிறது. ஆனால் கம்ப்யூட்டர் பாடுவது அவர் பாடாத பாட்டு அல்லவா? பழைய பூட்டுக்குப் புதுச் சாவி செய்துவிட்டார்கள். பூட்டை மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது.

அமெரிக்காவில் 2023-ம் ஆண்டு சினிமா நடிகர்கள் 118 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். "எங்களைக் கேட்காமல் எங்கள் உருவத்தைக் கம்ப்யூட்டரில் படைக்கக் கூடாது" என்பதும் அவர்கள் கோரிக்கை. 2024-ம் ஆண்டு கலிபோர்னியா மாகாணம், இறந்த கலைஞரின் உருவத்தையும் குரலையும் சம்மதம் இல்லாமல் படைப்பதற்கு எதிராகச் சட்டம் செய்தது. நம் நாட்டிலும் அப்படித் தெளிவான சட்டம் வேண்டும்.

அந்தச் சட்டத்தில் 3 விஷயம் இருந்தால் போதும்.

ஒன்று, சம்மதம். கலைஞர் உயிரோடு இருக்கும்போதே, "நான் இறந்தபின் என் குரலைப் பயன்படுத்தலாம்" என்றோ, "கூடாது" என்றோ எழுதி வைக்க வழி வேண்டும்.

இரண்டு, கூலி. குரல் யாருடையதோ அவர் குடும்பத்துக்குப் பங்கு வேண்டும். கம்ப்யூட்டருக்காகப் பாடிக் கொடுத்தவருக்கும் பெயரும் பணமும் வேண்டும்.

மூன்று, அறிவிப்பு. "இது கம்ப்யூட்டர் குரல்" என்று கேட்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். கலப்பட நெய்யை நெய் என்று விற்கக் கூடாது அல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

உங்கள் வீட்டுக் கதவையும் தட்டும்

இது பாடகர்களுக்கு மட்டும் வந்த சோதனை என்று எண்ணாதீர்கள்.

பிரபல பாடகரின் குரலை நகல் எடுக்கும் கம்ப்யூட்டர், உங்கள் மகனின் குரலையும் நகல் எடுக்கும். அதற்கு அதிகம் வேண்டாம். செல்போனில் அவன் போட்ட ஒரு சின்ன வீடியோ போதும்.

நள்ளிரவில் போன் வருகிறது. மகனின் குரல். "அம்மா! விபத்து ஆகிவிட்டது. உடனே பணம் அனுப்பு. அப்பாவிடம் சொல்லாதே!" என்று அழுகிறது. பெற்ற மனம் பதறும். பணத்தை அனுப்பிவிடும். மகனோ சென்னையில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பான்!

இப்படி ஏமாற்றும் கூட்டம் கிளம்பியிருக்கிறது. வெளியூரிலும் வெளிநாட்டிலும் பிள்ளைகளை வைத்திருக்கும் குடும்பங்கள் கவனமாக இருக்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

பதறாதீர்கள். போனை வைத்துவிடுங்கள். மகனுடைய பழைய நம்பருக்கு நீங்களே கூப்பிடுங்கள்.

வீட்டார் எல்லோரும் சேர்ந்து ஓர் அடையாளச் சொல் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வளர்த்த ஆட்டின் பெயராக இருக்கலாம். பாட்டி வைத்த செல்லப் பெயராக இருக்கலாம். போனில் பணம் கேட்டால், அந்தச் சொல்லைக் கேளுங்கள். கம்ப்யூட்டருக்குக் குரல் தெரியும். உங்கள் வீட்டு ஆட்டின் பெயர் தெரியாது!

பணம் போய்விட்டால், வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930 என்ற நம்பருக்குப் போன் செய்யுங்கள். இணையக் குற்றங்களுக்காக அரசாங்கம் வைத்திருக்கும் நம்பர் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அவ்வளவுக்குப் பணத்தை மடக்க வாய்ப்பு அதிகம்.

கல்மரமும் உயிர் மரமும்

லண்டன் கச்சேரியில் 10 பேர் நேரில் வாசிக்கிறார்கள் என்று முன்பு சொன்னோம் அல்லவா? அதில் ஒரு பாடம் இருக்கிறது.

உருவம் எவ்வளவு அழகாக ஆடினாலும், பக்கத்தில் நிஜ மனிதர் வாசித்தால்தான் கச்சேரி களை கட்டும் என்று அதை நடத்துகிறவர்களே உணர்ந்திருக்கிறார்கள். 1,350 கோடி ரூபாய் செலவு செய்தவர்களுக்கே மனிதர் தேவைப்படுகிறார். நம் ஊர்த் திருவிழாவுக்குத் தேவைப்படமாட்டாரா?

நாளை உங்கள் ஊர்த் திருவிழாவுக்கு உருவக் கச்சேரி வரலாம். பாருங்கள், மகிழுங்கள். குழந்தைகளுக்கும் காட்டுங்கள். ஆனால் தலைக்கட்டு வரியில் ஒரு பங்கை நிஜப் பாடகருக்கும், நாயனக்காரருக்கும், தவில்காரருக்கும், பறை அடிப்பவருக்கும் ஒதுக்கி வையுங்கள். மேடையில் ஒரு பாட்டாவது உள்ளூர்ப் பள்ளிக்கூடப் பிள்ளை பாடட்டும்.

பெரம்பலூர் மாவட்டத்தில் சாத்தனூர் என்று ஓர் ஊர். அங்கே ஒரு கல்மரம் இருக்கிறது. பலர் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய 12 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தப் பக்கம் கடல் இருந்த காலத்தில் விழுந்த மரம் அது. மண்ணுக்குள் புதைந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கல்லாகிவிட்டது. 18 மீட்டர் நீளம். தூரத்தில் நின்று பார்த்தால் மரம் என்றே தோன்றும்.

அது அதிசயம்தான். அதைக் காப்பாற்ற வேலி போட்டிருப்பது நியாயம்தான். ஆனால் அந்த மரம் தளிர்க்காது. அதில் குருவி கூடு கட்டாது. அதன் விதை எங்கேயும் விழாது.

மறைந்த பாடகரின் குரல் கல்மரம். அதைப் பத்திரமாக வைத்துக்கொள்வோம்.

திருவிழா மேடையில் முதல் முதலாக, கை நடுங்க மைக்கைப் பிடிக்கும் நம் ஊர்ப் பிள்ளை உயிர் மரம். அதற்குத் தண்ணீர் ஊற்ற மறக்க வேண்டாம்!